எட்டாவது சீட்டு

கொர்னேலியஸுக்கும் சில்வியாவுக்கும் ஒரே ஆபீஸ். ஆனால் இருவரும் சேர்ந்து கிளம்பமாட்டார்கள். என்.ஆர். மொஹல்லாவிலிருந்து அவள் எட்டு மணிக்கு பஸ் பிடித்து, சிட்டி ஸ்டாண்டில் மாறி, விஜயநகருக்குப் போவாள். அவன் எட்டரைக்கு மொபெட்டை உதைத்துக் கிளப்பி, பெரும்பாலான நாட்களில் வழியிலேயே அவளுடைய பஸ்ஸைத் தாண்டிவிடுவான். தாண்டும்போது ஜன்னலைப் பார்க்கமாட்டான். மொபெட்டின் பின்சீட் காலியாகவே போகும்.

மூன்று வருஷத்துக்கு முன், தொண்ணூற்று நாலில், அவளுக்கு அங்கே வேலை கிடைத்தபோது கன்னடக்காரரான மேனேஜர் பசவராஜ் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "புருஷன் பெண்டாட்டி ஒரே இடத்துல இருக்கீங்க, நாலு பேர் பேசற மாதிரி வெச்சுக்காதீங்க." அவர் அதை அன்று சாயங்காலமே மறந்திருப்பார். கொர்னேலியஸ் மறக்கவில்லை. அவர் கேட்டது ஒரு பங்கு என்றால் இவன் பத்து பங்காகச் செய்து காட்டினான். வீட்டில் ஆபீஸ் பேச்சு இல்லை, ஆபீஸில் வீட்டுப் பேச்சு இல்லை. டிபன் டப்பாவைக்கூட அவளிடமிருந்து வாங்காமல் தனியாக எடுத்துப்போனான். அவள் அங்கே அவனை "சார்" என்றாள்.

"சார், எட்டாம் நம்பர் கீ ஒட்டுது."

பக்கத்து இருக்கை மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "வீட்டுல காபி குடுக்கறப்பவும் சார்தானாக்கா?"

சில்வியா அடுத்த படிவத்தைப் புரட்டுவாள். கொர்னேலியஸ் கீயைக் கழற்றித் துடைத்து, மாட்டி, போய்விடுவான். ரிப்பேர் வேலை அவனுடையது. எட்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓயாமல் படுத்துகிற ஒரு யூ.பி.எஸ்.

அங்கே நடந்தது படிவங்களைத் தட்டும் வேலை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் விண்ணப்பங்களின் நகல்கள் கட்டுக் கட்டாக வரும். பெயர், பிறந்த தேதி, வயது, பாலிசி எண், தொகை. தட்டுகிறவர்கள் எட்டு பேர். ஒரே படிவத்தை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டவேண்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே மாறுகிறதோ அந்த வரியை எடுத்துக் கொடுக்கும். ஸ்ரீதேவி என்ற பெண் காகிதத்தைப் பார்த்து, தப்பு யாருடையது என்று குறிப்பாள். சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். சில்வியாவுக்கு ஜோடி மாதம்மா. வாரத்துக்கு மாதம்மாவுக்குப் பத்து, பன்னிரண்டு என்று வரும். சில்வியாவுக்கு மூன்று. சில வாரம் இரண்டு. மூன்று வருஷமாகப் பட்டியலில் அவள் பெயருக்கு மேலே வேறு பெயர் வந்ததில்லை. அதை அவள் வீட்டில் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பதுதானே ஏற்பாடு.

இந்த எட்டு பேரும் தட்டிய சத்தத்தில்தான் வினை ஆரம்பித்தது. ஆபீஸ் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. கீழே வீட்டுக்காரர், ரிட்டயரான இன்ஜினீயர். கீபோர்டுகள் பழைய தினுசு, ஒவ்வொரு அழுத்தலுக்கும் 'டிக்' என்று உடைகிற மாதிரி ஒரு சத்தம். எட்டு பேர் சேர்ந்தால் தகரக்கூரையில் மழை. "என் தலைக்கு மேல வருஷம் முழுக்க மழை பெய்யுது, அடுத்த ஒப்பந்தம் கிடையாது" என்று அவர் கடிதம் கொடுத்தார். கீபோர்டுகளும் தேய்ந்திருந்தன. பசவராஜ் கொர்னேலியஸைக் கூப்பிட்டு, "நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. சத்தம் இருந்தா தரைக்குக் கம்பளம் போட்டுக்கலாம். உங்களுக்குத் தெரியாததா" என்றார்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டு வியாபாரி மூன்று மாதிரிகளை அனுப்பினான். வெளியே மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. கீயைப் பிடுங்கினால்தான் வித்தியாசம். உள்ளே ஸ்விட்சின் தண்டு ஒன்றில் நீலம், ஒன்றில் பழுப்பு, ஒன்றில் கறுப்பு. நீலம் பழைய மாதிரியேதான். எழுத்து விழும் இடத்தில் ஒரு தட்டலும் ஒரு 'டிக்'கும். பழுப்பில் தட்டல் மட்டும் உண்டு. விரலுக்குச் சின்னதாக ஒரு கல் தடுக்கினாற்போலத் தெரியும், சத்தம் இல்லை. கறுப்பில் இரண்டுமே இல்லை. எண்ணெயில் இறங்குவதுபோல நேராக இறங்கும். பாதி வழியில் எழுத்து விழுந்துவிடும். விழுந்தது கைக்கும் தெரியாது, காதுக்கும் தெரியாது.

கொர்னேலியஸ் அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் கறுப்பை மாட்டி ஒரு பக்கம் தட்டிப் பார்த்தான். அறை அமைதியாக இருந்தது. மூன்று வருஷமாக அந்த மழைக்கு நடுவில் உட்கார்ந்து சோல்டரிங் பிடித்தவன் அவன். சத்தம் என்றாலே அவனுக்கு ஆகாது. வீட்டில் ரேடியோவை ஞாயிற்றுக்கிழமை தவிர போடவிடமாட்டான். கறுப்பை அவன் அந்த நிமிஷமே தேர்ந்தெடுத்துவிட்டான். ஆனால் அதைத் தன்னிடமே ஒப்புக்கொள்ளாமல், எல்லோரிடமும் கேட்டுச் செய்வதுதான் முறை என்று ஓர் ஏற்பாடு செய்தான்.

நீலத்துக்கு ஒன்று, பழுப்புக்கு இரண்டு, கறுப்புக்கு மூன்று என்று மாதிரிகளுக்கு நம்பர் ஒட்டினான். ஆளுக்கு அரை நாள் ஒவ்வொன்றிலும். முடிந்ததும் பிடித்த நம்பரை ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல், பழைய ஃப்ளாப்பி டப்பாவில் போடவேண்டும்.

மதனுக்கு முதல் நாளே முடிவாகிவிட்டது. எட்டு பேரில் இளையவன். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுகிறவன். "மூணுதான் அண்ணா. பாதி அமுக்கறதுக்குள்ள குண்டு பாயுது. ஒண்ணுல 'டிக்' வர்றதுக்குள்ள நான் செத்துடறேன்."

"இது வேலைக்கு வாங்கறதுப்பா."

"வேலை எப்பவும் இருக்கும். குண்டு ஒரு தடவைதானே."

மாதம்மா மூன்றைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஊமைக்குக் கதை சொல்ற மாதிரி இருக்கு. நான் சொல்றேன், அது கேக்குதா இல்லையான்னே தெரியலை." பழுப்பு யாருக்கும் ஒட்டவில்லை. டைப்ரைட்டிங் படித்து வந்தவர்களுக்கு அது அரைகுறையாக இருந்தது, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருந்தது.

சில்வியா மூன்றிலும் சொன்னபடி அரை அரை நாள் தட்டினாள். எப்படி இருக்கிறது என்று அவன் எல்லோரையும் கேட்டான், அவளைத் தவிர. அவளும் சொல்லவில்லை. மூன்றாம் மாதிரியில் தட்டிய மத்தியானம், அவள் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுத்து, திரையையே பார்த்துக்கொண்டு தட்டினாள். அவன் பார்த்தான். பழகவில்லை, பழகிவிடும் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து தன் மேஜையில் கொட்டினான். எட்டு சீட்டு. மூன்று என்று நாலு. ஒன்று என்று நாலு.

ஒன்றாம் நம்பர்ச் சீட்டுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தான். தலையில் சின்னக் கொடி, காலடியில் அழுத்தி ஒரு கோடு. சமையலறைக் காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதிக்குப் பக்கத்தில் அவள் எழுதும் அதே ஒன்று. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற எழுத்து. அவள் கோட்டை இரண்டு தடவை இழுத்திருந்தாள். காகிதத்தின் பின்பக்கம் புடைத்திருந்தது.

நாலுக்கு நாலு என்றால் அவன்தான் ஒரு பக்கம் சொல்லவேண்டும். ஒன்று என்றால், பெண்டாட்டி சொன்னதை வாங்கினான் என்பார்கள். மூன்று என்றால் தனக்குப் பிடித்ததை வாங்கினான் என்பார்கள். அவன் அந்தச் சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மனைவியின் வார்த்தையை எடைபோடாமல் ஒதுக்கி வைப்பதுதான் நியாயம் என்று பட்டது. அந்த நியாயம் தனக்கு வேண்டியதையே கொண்டுவந்து கையில் கொடுக்கிறது என்பதும் பட்டது. முதலில் பட்டதையே வைத்துக்கொண்டான்.

"நாலு, மூணு" என்று பசவராஜிடம் சொன்னான். "ஒருத்தர் எழுதலை. மூணாம் நம்பர்தான் சார்."

"ஆயித்து, ஆகட்டும் விடுங்க" என்றார் பசவராஜ், வேறு ஏதோ காகிதத்தைப் பார்த்துக்கொண்டு.

புதுக் கீபோர்டுகள் வந்தன. பழையவற்றை வியாபாரி கழிவுக்கு எடுத்துக்கொண்டான். கறுப்பிலும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. டைப்ரைட்டரில் படித்தவர்கள் கீயைத் தரைவரை அடிப்பார்கள். அடியில் போய் 'டொக்' என்று இடிக்கும். கொர்னேலியஸ் அதற்கும் வழி கண்டுபிடித்தான். சைக்கிள் வால்வு டியூபை மெல்லிய வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு கீயின் அடியிலும் கோத்தால் இடிப்பு அடங்கிவிடுகிறது. எட்டு கீபோர்டுக்கு எண்ணூறுக்கு மேல் வளையம். எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஆபீஸ் வேலை வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பேச்சு மட்டும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சில்வியா தானாகவே பலகையை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். பிளேடால் டியூபை நறுக்கினாள். அவன் கோத்தான். ஒரு மணி நேரம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கறுப்பு வளையங்கள் தட்டில் மிளகுபோலக் குவிந்தன. ஒரு கைப்பிடி அள்ளினபோது அவன் விரலில் ஈரம் ஒட்டியது. பார்த்தால் ரத்தம். பலகை, டியூப், தட்டின் விளிம்பு எல்லாவற்றிலும் இருந்தது. அவள் ஆள்காட்டி விரலின் நுனி பிளந்திருந்தது. அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"கையைப் பாரு."

பார்த்தாள். "ஓ" என்றாள். எழுந்துபோய்க் கழுவி, துணி சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி பிளேடை எடுத்தாள்.

அவளுக்கு வலி தாங்கும் சுபாவம் என்றுதான் அவன் எப்போதும் எண்ணியிருந்தான். கொதிக்கிற பால் பாத்திரத்தைப் பிடிதுணி இல்லாமல் இறக்குவாள். துவைக்கும்போது அவன் சட்டைப் பாக்கெட்டுகளைக் கைவிட்டுத் துழாவாமல், வெளியே இழுத்து உள்பக்கம் புரட்டிப் பார்ப்பாள். அதை அளவுக்கு மீறிய ஒழுங்கு என்று எடுத்துக்கொண்டிருந்தான். ரத்தம் பட்ட வளையங்களை அவன் துடைத்துக் கோத்தான்.

திங்கட்கிழமை ஆபீஸ் மாறிப்போயிருந்தது. எட்டு பேர் தட்டுவதற்கு எட்டு பேர் துணி மடிப்பதுபோல ஒரு சத்தம். ஃபேன் சுற்றுவது கேட்டது. கீழே வீட்டுக்காரர் தும்முவது கேட்டது. பசவராஜ் வெளியே வந்து, "எல்லாரும் வேலை செய்யறீங்களா, தூங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரித்து, கொர்னேலியஸின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கொர்னேலியஸ் தன் மேஜையில் உட்கார்ந்து அந்த அமைதியை நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாழ்க்கையில் தன் விருப்பப்படி நடந்த காரியங்கள் குறைவு.

அந்த சனிக்கிழமைப் பட்டியலில் சில்வியா பெயருக்கு நேரே முப்பத்தொன்று என்று இருந்தது. மாதம்மாவுக்குப் பதினாலு.

"ஸ்ரீதேவி, பேர் மாத்திப் போட்டுட்டியா?" என்றாள் மாதம்மா.

"ரெண்டு தடவை பாத்துட்டேன்கா" என்றாள் ஸ்ரீதேவி.

ஒன்பது விழவேண்டிய இடத்தில் தொண்ணூற்றொன்பது. பிறந்த வருஷத்தில் ஓர் எண் விழாமலே போயிருந்தது. சிலருக்கு மூன்று இலக்க வயது. எல்லோருக்கும் புதிதில் தப்பு கூடியதுதான். அடுத்த வாரம் எல்லோருக்கும் குறைந்தது. சில்வியாவுக்கு நாற்பத்தாறு. தப்பைக் குறைக்கத் திரையைப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள், வேகம் பாதியாயிற்று. மூன்றாவது வாரம் வேகமும் இல்லை, சரியாகவும் இல்லை.

"என்னக்கா, வீட்டுல ஏதாவது ரகளையா?" என்று மாதம்மா மெதுவாகக் கேட்டாள். அந்த அமைதியில் அது அறை முழுக்கக் கேட்டது. கொர்னேலியஸ் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டில் போய்க் கேட்கலாம் என்று நினைத்தான். வீட்டில், இது ஆபீஸ் சமாச்சாரமாயிற்றே என்று நினைத்தான். இரண்டு இடத்துக்கும் நடுவில் மொபெட் ஓடிக்கொண்டிருந்தது.

நாலாவது வாரம் பசவராஜ் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏன்ரீ, உங்க மிஸஸுக்கு உடம்பு சரியில்லையா?"

"அப்படி ஒண்ணும் இல்லை சார்."

"வெளிநாட்டுலேர்ந்து ஃபேக்ஸ் வந்திருக்கு. அவங்க தட்டினதுல மாதம்மாவும் அதே இடத்துல அதே தப்பு விட்டிருந்தா அப்படியே போயிடுது இல்லையா? மூணு பாலிசி அப்படிப் போயிருக்கு. ஆளை மாத்துங்கன்னு எழுதிட்டாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து அந்த ஸீட்டுக்கு வேற பொண்ணு. சொல்லியாச்சு." பேனாவை மூடினார். "லேடீஸ்கிட்ட நான் நேரா சொல்றது நல்லா இருக்காது. வீட்டுல நீங்களே சொல்லிடுங்க."

கொர்னேலியஸ் தன் மேஜைக்கு வந்தான். அலமாரியின் மேல்தட்டில் மூன்று மாதிரிகளும் அட்டைப்பெட்டியில் தூங்கின. அவை அங்கேயேதான் இத்தனை நாளும் இருந்தன. அவன் மறுபடி உள்ளே போனான்.

"சார், ஒண்ணாம் நம்பர் மாதிரி ஒண்ணு சும்மா கிடக்கு. அவ பழைய தினுசுக்குப் பழகினவ. அந்த ஒரு ஸீட்டுக்கு மட்டும் அதை மாட்டிப் பாக்கலாமா?"

பசவராஜ் அவனை வியப்பாகப் பார்த்தார். "மாட்டியிருக்கலாமே. யார் பேடா அந்தாங்க, யார் வேண்டாம்னாங்க? ஒரு கீபோர்டு சத்தம் கீழே கேட்கப் போகுதா? நீங்கதான் எக்ஸ்பர்ட்டு, நீங்க ஏதோ யோசிச்சுத்தான் செய்யறீங்கன்னு விட்டுட்டேன்." பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப ஆகாதுரீ. ஆளை மாத்தறோம்னு லெட்டர் போயாச்சு."

அன்று அவன் மொபெட்டை மெதுவாக ஓட்டினான். பஸ் அவனைத் தாண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

காபி கொண்டுவந்து வைத்தாள். அவன் சொன்னான். ஃபேக்ஸ், ஒண்ணாந்தேதி, வேறு பெண், லெட்டர். பசவராஜ் சொன்ன வரிசையிலேயே சொன்னான். அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"சரி" என்றாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

அவள் தன் வலது கையை, வேறு யாருடையதோபோல, புரட்டிப் பார்த்தாள். "நுனியில உணர்ச்சி இல்லை. ரெண்டு வருஷமா. இந்த மூணு விரல். அந்தக் கையில ரெண்டு."

அவன் காபியை வைத்தான்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். மணிக்கட்டுல நரம்பு நசுங்குதுன்னார் டாக்டர். அந்தப் பெருவியாதி இல்லைன்னும் சொன்னார், நான் கேக்காமலேயே. நான் பயந்தது மூஞ்சியில தெரிஞ்சிருக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீங்க பசவராஜ் சார்கிட்ட சொல்லியிருப்பீங்க. மறைக்கறது தப்புன்னு." குரலில் சூடு எதுவும் இல்லை. "விரல் மரத்துப்போச்சுன்னு ஒருத்தி சொன்னா, நரம்பு கிரம்பு யார் காதுலயும் விழாது. மறுநாள் எனக்குத் தனி டம்ளர் வெப்பாங்க. மாதம்மா நல்லவ, அவளே வெப்பா."

அவன் அவள் கையைப் பார்த்தான்.

"எனக்குப் பழைய கீபோர்டு சத்தம் போதும்னு இருந்துச்சு. கண்ணு பேப்பர்ல இருக்கும். 'டிக்'னு கேட்டா எண் விழுந்துச்சு. கேக்கலைன்னா விழலை. கை சொல்லாததைக் காது சொல்லிட்டிருந்துச்சு. ரெண்டு வருஷம் அப்படித்தான் முதல்ல வந்தேன்."

"தெரிஞ்சிருந்தா நான்..."

அவள் உள்ளே போனாள். சமையலறைக் காலண்டரின் பின்னாலிருந்து எதையோ எடுத்துவந்து காபிக்குப் பக்கத்தில் வைத்தாள். தண்ணீரில் நனைந்து காய்ந்து, மொடமொடத்துப்போன ஒரு துண்டுக் காகிதம். மசி கரைந்து ஊதா நிறமாகப் படர்ந்திருந்தது. கொடியும் அடிக்கோடும் இன்னும் தெரிந்தன.

"சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு" என்றாள். "ஊறவெச்ச அப்புறம்தான் பாத்தேன். ஆபீஸ்ல ஒருத்தர் எழுதலைன்னு சொல்லிட்டிருந்தாங்க. யாருடா அதுன்னு நானும் யோசிச்சேன்."

"நாலு பேர் பேசுவாங்கன்னு..."

"தெரியும்."

"உன் எழுத்துன்னு தெரிஞ்சதாலதான். வேற யாரோடதா இருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்."

"அதுவும் தெரியும்" என்றாள் சில்வியா. "அதனாலதான் கேக்கலை. கேட்டா இதைச் சொல்லுவீங்கன்னு தெரியும்."

காபி ஆறிவிட்டிருந்தது. அதைச் சுட வைக்க அவள் டம்ளரை எடுத்துப்போனாள். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தான். சீட்டு அப்போதே காலண்டருக்குப் பின்னால் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எதிரில் உட்கார்ந்து வளையம் வளையமாக நறுக்கிக் கொடுத்திருக்கிறாள். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று அந்த ஒரு மணி நேரமும் காத்திருந்தாளா, அல்லது சொல்லமாட்டான் என்று நிச்சயமாகிவிட்டதால்தான் பிளேடை எடுத்தாளா? அதைக் கேட்கலாம். உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தம் வந்தது. அவன் கேட்கவில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் பஸ் பிடிப்பதில்லை. மொபெட்டின் பின்சீட் பழையபடி காலியாகவே போகிறது. ஆபீஸில் ஒரு சத்தமும் இல்லை. வீட்டுக்காரர் ஒப்பந்தத்தை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார். நல்ல கீபோர்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மதன் வேறு இரண்டு கம்பெனிக்குச் சிபாரிசும் செய்திருக்கிறான்.

துணிகளை ஊறப்போடுவது சனிக்கிழமை. இப்போதெல்லாம் கொர்னேலியஸ் சட்டையைக் கழற்றும்போதே பாக்கெட்டைக் காலி செய்து, ஸ்க்ரூ, ரசீது, ரப்பர் வளையம் எல்லாவற்றையும் ஜன்னல் திட்டில் வைத்துவிடுகிறான். அவள் அதைப் பார்க்கிறாள். பார்த்துவிட்டு, சட்டையை எடுத்து, எதுவும் இல்லாத பாக்கெட்டை வெளியே இழுத்து, உள்பக்கம் புரட்டிப் பார்த்த பிறகுதான் தண்ணீரில் போடுகிறாள்.